மூன்று ராணிகளும் ஆறு மணி கரண்டும்

1

இந்தக் கதை எனக்கு ஒரு வாளி உருகிய பிஸ்தா ஐஸ்கிரீமிலிருந்து கிடைத்தது. நான் அதைக் கரண்டியால் சாப்பிடவில்லை, குவளையால் குடித்தேன். எனவே எங்காவது பொய் தட்டுப்பட்டால் பழியைச் சர்க்கரையின்மேல் போடுங்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: பெய்ரூட்டின் கூரைகள்மேல் பொன்மாலை மெல்லச் சாய்ந்து

வேண்டாம். மாலை எந்த ஊரில்தான் சாயவில்லை?

இரண்டாவது தொடக்கம்: கையில் இரண்டு ராணிகளோடு நுஹாத் கடிகாரத்தைப் பார்த்தாள். இது இருக்கட்டும்.

2

நுஹாத் எனக்குக் கீழ்வீட்டுக்காரி. ஐஸ்கிரீம் செய்து விற்பவள். எங்கள் தெருவில் மாலை ஆறுக்கு அரசாங்க கரண்ட் போய்விடும். உடனே அபூ ஜிரியஸ் தன் ஜெனரேட்டரை ஓட்டி வீட்டுக்கு ஐந்து ஆம்பியர் விடுவார். விட மறந்தால் பிஸ்தா பாயசமாகும். இரண்டு கோடையாக அவர் மறந்துகொண்டேயிருந்தார்.

அதனால்தான் அவள் இணையத்தில் போக்கர் போட்டியில் சேர்ந்தாள். அறுநூற்றுப் பதினோரு பேர் உட்கார்ந்த போட்டி. மிஞ்சியவர்கள் இருவர்: நுஹாத், ‘கருஞ்சிறுத்தை’ என்ற பெயரில் எவனோ ஒருவன். முதல் பரிசுக்குக் கூரையில் சோலார் தகடுகளும் பேட்டரியும் வரும். இரண்டாம் பரிசுக்கு மெழுகுவத்தி வரும்.

(நல்ல மெழுகுவத்திதான். நான் குறை சொல்லவில்லை.)

3

மணி ஐந்து ஐம்பத்தாறு. கையில் இரண்டு ராணிகள். இருவருக்கும் பொதுவாக மேசையில் விழுந்த மூன்று சீட்டுகள்: இஸ்பேட் ராணி, இஸ்பேட் பத்து, ஹார்ட்டின் ஒன்பது. ஆக, மூன்று ராணிகள். அந்த நொடியில் உலகத்தில் அதைவிடப் பெரிய கை அவன் வைத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் இன்னும் இரண்டு சீட்டுகள் விழ வேண்டும்.

“சின்னதா கட்டு, ஹயாத்தி, என் உயிரே,” என்றான் அவள் கணவன் ஃபாயஸ். அவன் எல்லாவற்றையும் சின்னதாகச் செய்பவன். “பயமுறுத்தாத. தானா உள்ள வருவான்.”

“வருவான்யா, இன்னொரு இஸ்பேடோட வருவான்! அஞ்சும் இஸ்பேடாச்சுன்னா என் மூணு ராணியும் அவன் வீட்டுல பாத்திரம் தேய்க்கணும்.”

“பெருசா கட்டினா ஓடிடுவானே?”

“ஓடட்டும். ஓசியில அடுத்த சீட்டைப் பாக்க மட்டும் விட மாட்டேன். அம்மோ, நீங்க சொல்லுங்க.”

அம்மோ, அதாவது மாமா, என்பது நான். “நான் கதை எழுதுறவன்மா,” என்றேன். “முடிவைத் தள்ளிப்போடுறதுதான் என் பிழைப்பு.”

“அப்ப வாயை மூடிட்டு வெந்நீர்ப் பெட்டி சுவிட்சுக்குக் காவல் இருங்க. இவரு மறதியா போட்டாருன்னா ஃபியூஸ் போயிடும்.”

இருந்த மொத்தத்தையும் மேசைமேல் தள்ளினாள். மணி ஐந்து ஐம்பத்தேழு.

4

இங்கே எனக்கு ஒரு சிக்கல். முதல் வரைவில் கருஞ்சிறுத்தையைப் பின்லாந்துக்காரனாக எழுதியிருந்தேன். நல்ல பையன், மீன் ஊறுகாய் தின்றுகொண்டிருந்தான். ஆனால் எவ்வளவு கெஞ்சியும் அவன் நுஹாதின் பந்தயத்தை ஏற்கவில்லை. மொத்தத்தையும் தள்ளுகிறவளிடம் பெரிய கை இருக்கும் என்று சீட்டைப் போட்டுவிட்டு எழுந்து போனான். கதை அங்கேயே படுத்துவிட்டது.

ஏற்க வேண்டுமென்றால் அவன் இந்த ஊர்க்காரனாக இருக்க வேண்டும். இங்கே ஆறு மணி நெருங்கினால் எல்லோரும் குப்பைக் கையோடு மொத்தத்தையும் தள்ளுவோம். இணைப்பு அறுந்தால் கை தானாகச் செத்துவிடும், அதற்குள் முடிந்தது முடியட்டும் என்று. திரையில் நுஹாதின் பெயரருகே எங்கள் கொடி இருந்தது. ஊர்க்காரன் அதைப் பார்த்து, ‘பாவம், சீட்டை நம்பிக் கட்டலை, கரண்டுக்குப் பயந்து கட்டுது’ என்றுதான் நினைப்பான்.

அப்படித்தான் கருஞ்சிறுத்தையும் நினைத்தான். ஏற்றான்.

பின்லாந்துக்காரனிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டேன்.

5

இருவர் சீட்டுகளும் திறந்தன. அவனிடம் ஏஸும் நான்கும். இரண்டும் இஸ்பேட்.

நான்காவது சீட்டு விழுந்தது. இஸ்பேட் இரண்டு.

ஐந்து இஸ்பேட். ஃபாயஸ் தலையில் கை வைத்தான். மேசையில் உள்ள ஏதாவதொன்று ஜோடி சேர்ந்தால்தான் இனி நுஹாதுக்கு வழி. மிச்சம் நாற்பத்து நான்கு சீட்டுகள். பத்து அவளுடையவை, முப்பத்து நான்கு அவனுடையவை.

கடைசிச் சீட்டு புரளத் தொடங்கியபோது கரண்ட் போனது. இரண்டு நிமிடம் முன்னதாகவே. அரசாங்கம் சீக்கிரமாகச் செய்யும் ஒரே வேலை.

(கைபேசியில் பார்த்திருக்கலாமே என்பீர்கள். அதை இரண்டாவது வரைவிலேயே தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டேன்.)

“நான் அப்பவே சொன்னேன், சின்னதா…” என்றது இருட்டிலிருந்து ஃபாயஸின் குரல்.

“சின்னதா கட்டியிருந்தா அவன் சிரிச்சுக்கிட்டே வந்திருப்பான். நான் சரியாத்தான்யா கட்டினேன். தப்பா வந்தது சீட்டு.” அவள் குரலில் நடுக்கம் இல்லை. இருந்தது. மூன்று முறை அடித்து எழுதியும் போகவில்லை, இருக்கட்டும்.

6

ஜெனரேட்டருக்குக் காத்திருந்தோம். ஆறு ஐந்து. ஆறு பத்து. வரவில்லை. ஐஸ்பெட்டிக்குள் பிஸ்தா வியர்க்கத் தொடங்கியது. தெரு முழுக்கப் பால்கனிக்கு வந்து கத்தியது:

“அபூ ஜிரியஸ்! கரண்ட் எங்கய்யா? செத்துட்டியா?”

கீழே ஜெனரேட்டர் கொட்டகையில் மட்டும் வெளிச்சம் இருந்தது. தன் கம்ப்யூட்டருக்கு அவர் அங்கே தனி பேட்டரி வைத்திருந்தார். அங்கிருந்து ஒரு குரல் பிளிறியது:

“கரண்டா? என்கிட்ட ஏன் கேக்குறீங்க? மூணு ராணி வச்சிருந்தாளே ஒருத்தி, அவகிட்டப் போய்க் கேளுங்கடா!”

நுஹாத் பால்கனிக் கம்பியைப் பிடித்தாள். அந்த மூன்று ராணியைப் பார்த்தது எங்களைத் தவிரக் கருஞ்சிறுத்தை மட்டும்தான். பிறகு கழுத்து நரம்பு புடைக்கக் கூவினாள்:

“மூணாவது மாடி, அபூ ஜிரியஸ்! மேல வாங்க! ஐஸ்கிரீம் உருகுது, உங்களுக்கும் ஒரு குவளை இருக்கு!”

தெருவே சிரித்தது. அவர் வந்தார். இரண்டு குவளை குடித்தார்.

7

கடைசிச் சீட்டு எது? எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். நாற்பத்து நான்கையும் உங்கள் முன்னால் கவிழ்த்து வைக்கிறேன், ஒன்றைப் புரட்டுங்கள். ராணி வந்தாலும் சரி, பத்தோ ஒன்பதோ இரண்டோ வந்தாலும் சரி. முப்பத்து நான்கில் ஒன்று வந்துவிட்டால் சத்தமில்லாமல் கவிழ்த்துவிட்டு வேறொன்றை எடுங்கள், நான் பார்க்கவில்லை.

ஆனால் சீக்கிரம் என்று அவசரப்படுத்த மாட்டேன். கூரையில் உள்ள நுஹாதின் தகடுகளிலிருந்து என் மேசைக்கு ஒரு வயர் வருகிறது. மணி ஆறு இரண்டு. விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது.