உதடு ஒட்டும் இடம்

"கொஞ்சம் அழுத்திப் பிடிங்கம்மா, இல்லன்னா திறந்துக்கும்" என்றாள் நர்ஸ்.

அக்கா தம்பியின் மோவாயை உள்ளங்கையால் மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் துணியைத் தாடைக்குக் கீழே கொடுத்து, காதோரமாக ஏற்றி, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். இரண்டு நாள் தாடி கையில் குத்தியது. ஆக்ஸிஜன் மாஸ்க் மூக்கின் மேல் பதித்த சிவப்புக் கோடு இன்னும் மறையவில்லை.

முடிச்சு இறுகியதும் உதடுகள் சேர்ந்தன. கீழுதடு மட்டும் இடது பக்கம் சற்றே தொங்கியது. ஐம்பத்தெட்டு வருஷமும் அப்படித்தான். அந்த வாயை அக்கா அளவுக்கு உற்றுப் பார்த்தவர்கள் கிடையாது. பெற்ற அம்மாகூடப் பார்த்ததில்லை.

வெளியே, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், தம்பியின் மகள் நின்றிருந்தாள். காலையில் அவள் வந்து சேர்ந்து பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. உள்ளே விட ஒருவருக்குத்தான் அனுமதி. அவள் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தாள். அக்கா வெளியே வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, அப்பா என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். வாய் அசைஞ்சுது. என்ன சொன்னார்?"

"மாஸ்க் போட்டிருந்தானேம்மா. சத்தம் எங்க வந்தது?"

"சத்தம் வராட்டி என்ன? அவர் ஒரு வார்த்தைக்கு முக்கும்போதே நீங்க எடுத்துக் குடுத்துடுவீங்க. உங்களுக்கா புரியாது?"

"கையெழுத்துக்குக் கூப்பிடறாங்க பாரு. அதைப் போய் முடி."

அவள் போனாள். இரண்டடி போய்த் திரும்பி, "அப்புறமாவது சொல்லணும்" என்றாள்.

அப்பாவும் மகளும் பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது. மகள் தன் நாலரை வயதுப் பெண்ணை ஒரு தொடரில் நடிக்க வைத்திருந்தாள். சேதி கேட்டு அவன் போன் செய்தபோது அக்கா பக்கத்தில்தான் இருந்தாள். "கு... குழந்தையை..." என்று தொடங்கினான். அடுத்த சொல் தொண்டையில் மாட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைக்க அவன் இழுத்துக்கொண்டிருந்தபோது, "நடிக்க விடாதேன்னுதானே? நீங்க மட்டும் நாலு வயசுல கேமரா முன்னால போய் நின்னீங்க. எனக்கு வேலை இருக்குப்பா" என்று மகள் வைத்துவிட்டாள். அவன் போனைக் காதிலேயே வைத்தபடி மிச்சத்தைச் சொல்ல முயன்றுகொண்டிருந்தான்.

பத்து மணிக்கு உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சோபாவைப் படுக்கையறைக்குத் தள்ளி ஹாலில் இடம் செய்தார்கள். அவன் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து முதலாளியும் இரண்டு பேரும் வந்து நின்றார்கள். முப்பது வருஷமாகப் பின்னறையில் லென்ஸ் தேய்த்தவன். கடைக்கு வருகிறவர்களுக்கு அவன் சின்ன வயதில் சினிமாவில் நடித்தது தெரியாது. அந்தப் படங்களின் ஞாபகத்தில் வந்து மாடிப்படியில் நின்றவர்களுக்கோ அவன் லென்ஸ் தேய்த்தது தெரியாது.

"சிட்டு போயிட்டான்பா" என்றார் படியில் ஒருவர். படத்தில் அவன் பெயர் அதுதான். "அந்த சீனை மறக்க முடியுமா? தியேட்டர்ல என் சம்சாரம் அழுது மூக்கைச் சிந்தினது என் வேட்டியில."

யாரோ போனில் அதைப் போட்டார்கள். செத்துக் கிடக்கும் அம்மாவின் பக்கத்தில் ஆறு வயதுப் பையன். கீச்சென்ற குரல் படியேறி ஹாலுக்குள் வந்தது.

"கண்ணைத் தொறம்மா, ஒரு தடவை என்னைத் திட்டு."

உடல் அருகே இருந்தவர்கள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "என்ன குரல்! பச்சைப் பிள்ளையோட வயித்துலேர்ந்து வர்ற குரல்" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

அக்கா தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவளுடைய குரல். அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

தம்பிக்குப் பேச்சு வந்த நாளிலிருந்தே திக்கல். கேமரா முன்னால் இன்னும் மோசம். ஆனால் அந்தக் கண்ணும் கன்னமும் வேறெந்தக் குழந்தைக்கும் இல்லை என்று இயக்குநர் விடமாட்டேன் என்றார். எண்களை எண்ணும்போது மட்டும் அவனுக்குத் திக்காது. அதைக் கண்டுபிடித்தவள் அம்மா. "வசனத்தை விடுடா. அழுதுகிட்டே ஒண்ணுலேர்ந்து ஏழு வரைக்கும் எண்ணு, போதும்" என்றார்கள். எண்ணினான். பிறகு இருட்டு அறையில் அந்தத் துண்டுப் படம் திரும்பத் திரும்ப ஓட, அக்கா மைக் முன்னால் முக்காலி போட்டு நின்று வார்த்தையை நிரப்பினாள். ஒன்றிலிருந்து ஏழு வரைக்கும் உதடு ஒட்டுவது மூன்றில்தான். அந்த இடத்தில் ஒரு 'ம' வந்தாக வேண்டும். மற்ற இடத்தில் வரக்கூடாது. வசனகர்த்தா அதற்கேற்ப எழுதித் தருவார். 'தொறம்மா' அப்படித்தான் அந்த இடத்தில் விழுந்தது.

வெளியே மூச்சு விடக்கூடாது என்று அம்மா இருவரையும் சத்தியம் செய்யச் சொன்னாள். டைட்டிலில் அவன் பெயர் மட்டும் ஓடியது. பன்னிரண்டு வயதில் ஒரு விழா மேடையில் எவனோ அவன் கையில் மைக்கைக் கொடுத்து அந்த வசனத்தைக் கேட்டான். "க... க..." என்று நின்றான். கூட்டம் முதலில் கைதட்டியது, பிறகு சிரித்தது. டைபாய்டு காய்ச்சலில் வந்த திக்கல் என்று அம்மா ஊருக்கெல்லாம் சொன்னாள். அதன்பின் படம் வரவில்லை.

மதியம் சவுண்டு மாமா வந்தார். அந்த இருட்டு அறையில் ஒலிப்பதிவு செய்தவர். இப்போது எண்பது வயது, காது கேட்கும் கருவி. உடலைப் பார்த்துவிட்டு அடுக்களைக்கு வந்து, காஸ் சிலிண்டர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டாவது டேக்கே கேக்க மாட்டான் உன் தம்பி. எல்லா டேக்கும் உனக்குத்தான்."

"நீங்க என்னை முப்பத்தாறு தடவை நிக்க வச்சீங்க மாமா. கால் வீங்கிடுச்சு."

"உனக்குச் சளி புடிச்சிருந்துது. நான் என்ன பண்ண?"

அக்கா டீயை அவர் கையில் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். காலையில் நடந்ததைச் சொன்னாள். அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகளைப் பார்த்தான், பிறகு வாயை அசைத்தான்.

"என்ன சொன்னான்?"

"எண்ணினான் மாமா. ஏழு வரைக்கும்."

சவுண்டு மாமா டீயைக் கீழே வைத்தார்.

"அவ கேட்டுக்கிட்டே இருக்கா" என்றாள் அக்கா. "நாளைக்குக் காலைல குழந்தைக்கு ஷூட்டிங். துக்கம்தான், ஆனா ஒரு மணி நேரம் வந்தா போதும், அழற சீன்தான், இப்போ இயல்பா வரும்னு சீரியல் மேனேஜர் சொல்லியிருக்கான். சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணுமாம். அப்பா என்ன சொன்னார்னு தெரிஞ்சா முடிவு பண்ணிடுவேங்கிறா."

"நல்லதா ஒண்ணு சொல்லிடு. இல்லன்னா அந்தப் பொண்ணு காலம் பூரா மனசுல வச்சுப் புழுங்கும்."

"யோசிச்சு வச்சிருக்கேன்." அக்கா அடுப்பு மேடையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கு உன்மேல ஒரு குறையே கிடையாது."

கிழவரின் விரல்கள் தொடையில் தாளம் போட்டன. உதடு தானாக ஒன்று, இரண்டு என்று அசைந்தது.

"'மே' சரியா மூணுல விழுது. கடைசில ஒரு இழை நீளம். சமாளிச்சுடலாம்." சொல்லிவிட்டுத் தான் சொன்னது உறைத்ததுபோல் தலையைக் குனிந்துகொண்டார். "ஊரே நம்பின குரல்மா அது. ஒருத்தி நம்ப மாட்டாளா?"

மூன்று மணிக்கு வண்டி வந்தது. மயானத்துக்குப் போனவர்கள் ஐந்தரைக்கெல்லாம் திரும்பிவிட்டார்கள். வாடகை நாற்காலிகளை அடுக்கி எடுத்துப் போனபின் ஹால் தேவைக்கு மேல் பெரிதாகிவிட்டது. குழந்தை உள்ளறையில் சுவரோரம் படுத்துக் கலர் பென்சிலால் எதையோ தீட்டிக்கொண்டிருந்தாள். தொடருக்காக நெற்றிமுடியைப் புருவத்துக்கு மேல் நேராக வெட்டியிருந்தார்கள்.

மகள் வந்து அக்காவின் அருகே தரையில் உட்கார்ந்தாள். தலை இன்னும் ஈரமாக இருந்தது.

"இப்பவாவது சொல்லுங்க அத்தை."

வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. அவன் குரலில், அவன் மூச்சு விடும் இடத்தில் விட்டு, அச்சு அசலாகச் சொல்ல அவளால் முடியும். மகள் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொள்வாள். போய் மேனேஜருக்குச் சரி என்பாள். உள்ளறையில் பென்சில் உருண்டு, குழந்தை அதைத் தேடும் சத்தம் கேட்டது.

"எண்ணினான்" என்றாள் அக்கா.

"என்ன?"

"ஒண்ணு, ரெண்டு, மூணு. ஏழு வரைக்கும் எண்ணினான். அவ்வளவுதான்."

"நர்ஸ் சொன்னாங்களா? மூச்சு விடறதுக்கு?"

"யாரும் சொல்லல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். இருட்டு அறை, முக்காலி, மூன்றில் ஒட்டும் உதடு, சத்தியம். சொல்லும்போது அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். எவருடைய வீட்டுக் கதையோ போல வறட்டுக் குரலில் வந்தது.

"அப்போ டைபாய்டு?"

"எங்கம்மா கட்டின கதை."

மகள் போனை எடுத்தாள். அந்தக் காட்சியைத் தேடி, சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டு ஓடவிட்டாள். பையனின் கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. வாய் அசைந்தது. முடிந்ததும் இன்னொரு தடவை ஓடவிட்டாள்.

"சின்ன வயசுல நான் தூங்க மாட்டேன்னு அடம் பிடிப்பேன். அம்மா உயிரோட இருந்தப்ப இதைத்தான் போட்டுக் காட்டுவாங்க. அப்பா குரல்னு." விரலால் திரையைத் துடைத்தாள். "அவர் எழுந்து வெளியில போயிடுவார். வெட்கப்படறார்னு அம்மா சிரிப்பாங்க."

அக்கா திரையில் உறைந்து நின்ற பையனின் முகத்தைப் பார்த்தாள்.

"போன்ல அன்னிக்கு 'குழந்தையை'ன்னு மட்டும்தான் சொன்னார். மிச்சத்தை நான்தான் சொன்னேன்" என்றாள் மகள். "அவர் வேற ஏதாவது சொல்ல வந்திருந்தா?"

"தெரியாதும்மா."

"அப்புறம் உங்ககிட்ட கூடவா சொல்லல?"

"நான் கேக்கல. எனக்குத் தெரியும்னு நினைச்சுக்கிட்டேன்."

மகள் போனைத் தரையில் கவிழ்த்து வைத்தாள். ஜன்னல் கம்பியின் நிழல் எதிர்ச்சுவரில் ஏறியிருந்தது.

"ஏழுக்குப் பொருந்தற மாதிரி ஒண்ணு யோசிச்சு வச்சிருப்பீங்களே?"

"வச்சிருந்தேன்."

"சொல்லாதீங்க."

கவிழ்ந்து கிடந்த போன் தரையில் அதிர ஆரம்பித்தது. மகள் அதையே பார்த்தாள். நின்றது. மறுபடி அதிர்ந்தபோது எடுத்தாள்.

"சொல்லுங்க... ஆமா, முடிஞ்சுது... நாலு மணிக்கு."

அந்தப் பக்கம் மேனேஜர் பேசினான். வருத்தம் தெரிவித்தான், உடனே நேரத்தைச் சொன்னான். ஏழு மணி, கார் வாசலுக்கே வந்துவிடும். குழந்தைக்குப் பிடித்த பிஸ்கெட்கூட வாங்கி வைத்தாயிற்று. எல்லாமே அக்காவுக்குக் கேட்டது. பிறகு, "அப்போ வந்துடுவீங்கதானே மேடம்?" என்றான்.

மகள் வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. கழுத்தோரம் நரம்பு எழும்பித் துடித்தது. போன் காதிலிருந்து ஒரு விரல்கடை விலகியது.

அக்காவின் கை போனை வாங்கப் பாதி தூரம் நீண்டுவிட்டது. அதை இழுத்து மடியில் வைத்து, மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"ஹலோ? மேடம், லைன்ல இருக்கீங்களா?"

குழந்தை கையில் தாளோடு அறை வாசலில் வந்து நின்று அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "ஹலோ, ஹலோ" என்று போன் கேட்டுக்கொண்டே இருந்தது.