பின்சுவரில் வந்த வெள்ளைப் பொடி

ஒன்பதாம் வகுப்பின் பின்சுவரில் வெள்ளையாக ஏதோ பொடி வந்துகொண்டே இருந்தது. துடைத்துவிட்டால் நாலே நாளில் மறுபடியும் வந்துவிடும். கடைசி பெஞ்சுப் பிள்ளைகள்தான் சாக்பீஸை நுணுக்கிச் சுவரில் தேய்க்கிறார்கள் என்று தலைமையாசிரியை முடிவே கட்டிவிட்டார். அதோடு நிற்கவில்லை, வகுப்பு மொத்தத்துக்கும் விளையாட்டு பீரியடை ரத்து செய்துவிட்டார். "நாங்க இல்ல மேடம்" என்று பிள்ளைகள் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திப் பார்த்தார்கள். ஒன்றும் எடுபடவில்லை.

கெமிஸ்ட்ரி சாருக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. "கத்தி ஜெயிக்க முடியாதுப்பா. அது என்ன பொடின்னு ஆதாரத்தோட எழுதிக் கொண்டு வாங்க. இந்தத் தடவை அதுதான் உங்க புராஜெக்ட்" என்று சொல்லி, முப்பத்திரண்டு பேரையும் நூலகத்துக்கு அனுப்பிவிட்டார்.

நூலகர் அம்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆன்லைன் நூலகம் பள்ளிக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. கலைக்களஞ்சியம், ஆய்விதழ், பழைய பத்திரிகை என்று ஒரு கடலே அதற்குள் இருந்தது. அவரும் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் வந்து, பாஸ்வேர்டைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கதவிலேயே ஒட்டிவைத்திருந்தார். ஒருவரும் சீந்தவில்லை. "நேரம் எங்க மேடம் இருக்கு?" என்று ஆசிரியர்கள் நழுவிவிடுவார்கள். இப்போதோ ஒரு வகுப்பே வந்து நிற்கிறது. போதாததற்கு, அந்தக் கடைசி பெஞ்சில் அவருடைய மகளும் ஒருத்தி.

வரும்போதே பிள்ளைகள் இணையத்தில் எதையோ தேடி எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். கரையான் என்றது ஒன்று. பேய் என்றது இன்னொன்று. பூஞ்சைதான், இந்தத் திரவத்தை வாங்கித் தெளியுங்கள் என்றது மூன்றாவது.

"இதை எழுதினது யாருன்னு பாத்தியா?" என்று கேட்டார் நூலகர்.

பையன் கீழே இறக்கிப் பார்த்தான். "அந்தப் பாட்டிலை விக்கிறவங்கதான் மேடம்."

வகுப்பே சிரித்தது. அவர் தெம்பாகக் கணினி முன் உட்கார்ந்து, ஆன்லைன் நூலகத்தைத் திறந்து, வெள்ளைப் பொடி, சுவர் என்று ஆங்கிலத்தில் தட்டினார். நாற்பதாயிரம் கட்டுரைகள் வந்து கொட்டின. பெயிண்ட் தயாரிப்பு, பூச்சி மருந்து, அருங்காட்சியகச் சிலைகள் எல்லாம் வந்தன, வகுப்பறைச் சுவரை மட்டும் காணோம். வார்த்தையை மாற்றி மாற்றிப் போட்டதிலேயே இரண்டு நாள் ஓடிப்போயிற்று. "தேடத் தெரியும்னு சொன்னீங்க..." என்று ஒரு குரல் பின்னாலிருந்து இழுத்தது. அது மகளின் குரல் என்பதுதான் அவருக்கு இன்னும் சுருக்கென்றது.

அன்று சாயங்காலம் வீட்டில் அதே பேச்சுதான். கணவர் கொத்தனார். தட்டில் கையை வைத்தபடி இருவரும் புலம்புவதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்த்தார்.

"இதுக்கா ரெண்டு நாள்? உப்பு பூத்திருக்கு. செங்கல் சுவர்ல தண்ணி இறங்கினா பூக்கத்தானே செய்யும்."

"ஏங்க, இதை முந்தாநாளே சொல்லியிருக்கலாம்ல?"

"என்கிட்ட எங்க கேட்டீங்க? அம்மாவும் பொண்ணும் கம்ப்யூட்டர்கிட்டல்ல கேட்டுக்கிட்டு இருந்தீங்க!"

மறுநாள் உப்பு, செங்கல் என்று போட்டுத் தேடினார்கள். மூன்றாவதாக வந்த கட்டுரையின் தலைப்புக்குக் கீழே, அது எந்தப் பொருளைப் பற்றியது என்று சில சொற்கள் போட்டிருந்தன. அதில் ஒன்று எஃப்ளோரசன்ஸ். அகராதியில் பார்த்தால், கொத்தனார் சொன்ன உப்புப் பூத்தலேதான். நூலகர் அந்தச் சொல்லை அழுத்தினார். நாற்பதாயிரம் எங்கேயோ ஓடிப்போய் அறுபதானது. கடந்த பத்து வருஷம் போதும் என்று வடிகட்டியதும் பத்தொன்பதாக வந்து நின்றது. "அப்பாடா!" என்று முப்பத்திரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள்.

கட்டுரைகளைப் பங்கு பிரித்துக் கொடுத்தார். எழுதியவர் யார், எந்த வருஷம், என்ன சொல்கிறார், நமக்கு எதிராக ஏதாவது சொல்கிறாரா என்று எல்லாமே எழுத வேண்டும். கேள்விக்குறி என்று வகுப்பில் பட்டப்பெயர் வாங்கிய பெண்ணிடம்தான் அப்படி ஒன்று சிக்கியது.

"மேடம், சுவர் ஈரம் ரூம்ல இருக்கிற காத்துலேர்ந்தும் படியலாமாம். உள்ளேர்ந்துதான் வருதுன்னு நாம எப்படிச் சொல்றது?"

அதற்கும் வழியை அந்தக் கட்டுரையிலேயே தேடிப் பிடித்தாள் அவள். சுவரில் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்ட வேண்டும். ஈரம் தாளின் மேலே படிந்தால் அறையிலிருந்து வருவது, அடியில் படிந்தால் சுவருக்குள்ளிருந்து வருவது.

ஒட்டினார்கள். காத்திருந்த நேரத்தில் கெமிஸ்ட்ரி சார் இரண்டு கண்ணாடிக் குவளைகளில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். ஒன்றில் சாக்பீஸ் தூள், மற்றதில் சுவர்ப் பொடி. சாக்பீஸ் அடியில் தங்கியது. சுவர்ப் பொடி கரைந்து காணாமல் போனது. மூன்றாம் நாள் பார்த்தால் பிளாஸ்டிக் தாளின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர்.

அந்தச் சுவருக்கு மறுபக்கம் என்ன இருக்கிறது என்று அப்போதுதான் ஒருவன் கேட்டான். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுபக்கம் இருந்தது தலைமையாசிரியையின் அறை, அவர் கை கழுவும் தொட்டி.

அறிக்கையைத் தலைமையாசிரியை நின்றபடியே புரட்ட ஆரம்பித்தார். இரண்டாம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். மத்தியானமே பிளம்பர் வந்து தொட்டிக்குக் கீழே கொத்தினார். குழாய் இணைப்பு சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

"நான் விசாரிக்காமலே உங்களைத் திட்டிட்டேன். தப்பு என் மேலதான்" என்றார் அவர். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. "இன்னிக்குக் கடைசி பீரியட் விளையாடப் போங்க. நாளைக்கும் போங்க."

வகுப்பு மொத்தமும் மைதானத்துக்குப் பறந்தது. நூலகர் ஜன்னலருகே நின்று அந்தக் கூச்சலைக் காது குளிரக் கேட்டார். திரும்பினால் வாசலில் சமூக அறிவியல் டீச்சர்.

"மேடம், எட்டாம் வகுப்பை எப்போ கூட்டிட்டு வரலாம்?"

"புதன்கிழமை வாங்க. ஒரு கேள்வியோட வாங்க, போதும்."

வீட்டில் கணவர் கதை முழுவதையும் கேட்டு முடித்து, மீசையைத் தடவிக்கொண்டார். "சரி, அந்தப் பத்தொன்பதுல எனக்குத் தெரியாதது ஏதாவது இருந்துச்சா?"

"ஒண்ணு இருக்குப்பா" என்றாள் மகள். "பூத்த உப்பை உடனே தண்ணி ஊத்திக் கழுவக் கூடாதாம். கரைஞ்சு திரும்பச் சுவருக்குள்ளயே போயிடுமாம். முதல்ல காஞ்ச பிரஷ்ஷாலதான் தேய்க்கணுமாம்."

கொத்தனார் மகளையே பார்த்தார். இருபது வருஷமாக அவர் கழுவிக்கொண்டிருந்தது தண்ணீரில்தான்.

"அப்படியா போட்டிருக்கு?" நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எங்க, அதைத் திற. நிதானமாத் தமிழ்ல சொல்லு."

மகள் ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல, அவர் நடுநடுவே மறித்துக் கேள்வி கேட்டார். இரண்டு இடத்தில் தலையாட்டினார். ஓரிடத்தில், "இவரு சாந்துக் கரண்டியே பிடிச்சதில்லை போல" என்று கட்டுரையாளரை ஒரு பிடி பிடித்தார். அடுத்த பக்கத்துக்குப் போகச் சொன்னதும் அவரேதான்.