பழைய கோபுரத்தின் கோடு

சவப்பெட்டி குழிக்குள் இறங்கி முடிவதற்குள் வான்னஸ் கைக்கடிகாரத்தை இரண்டு முறை பார்த்துவிட்டான். ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டு அக்கா கோதெலீவின் பக்கம் சாய்ந்தான்.

"வயலுக்குப் போறேன்க்கா. குழி வெட்டுற வாடகை மெஷினைச் சாயங்காலம் திருப்பிக் குடுக்கணும்."

"அப்பன் மேல போட்ட மண்ணு இன்னும் காயல. அதுக்குள்ள இன்னொரு குழியாடா?" என்றாள் ஜுல்மா அத்தை, குரலைத் தணிக்காமல்.

"பன்னிக்கு எழவு தெரியுமா அத்தை? அது பாட்டுக்குத் தின்னு தள்ளுது."

அவன் போய்விட்டான். மற்றவர்களும் துக்கக் காப்பிக்காகக் கடைவீதி நோக்கி நடந்தார்கள். பின்னாலேயே வருவதாகச் சொல்லிவிட்டுக் கோதெலீவ் மட்டும் நின்றுகொண்டாள்.

நான்கு நாள் முன்பு அவள் அப்பாவின் உதட்டை ஈரத்துணியால் நனைத்துக்கொண்டிருந்தபோது, அவர் கண்ணைத் திறந்து பன்றிக்கொட்டிலுக்கு வான்னஸ் கழிவுக்குழி எங்கே வெட்டப்போகிறான் என்று கேட்டார். கீழ்வயலில் என்றதும் முகம் மாறியது. முதல் உலகப்போர் முடிந்து தாத்தா திரும்பி வந்தபோது ஊரில் ஒரு முழுச்சுவர் கிடையாது. விதைக்க வேண்டுமே என்று, வயலில் கிடந்த வெடிக்காத குண்டுகளை நூற்றுக்கணக்கில் பொறுக்கி அங்கிருந்த குட்டையில் போட்டு மூடிவிட்டாராம். சிலவற்றில் விஷக்காற்று. இப்போதென்றால் ஏரில் சிக்கும் குண்டை மின்கம்பத்தின் அடியில் வைத்தால் போதும், ராணுவ வண்டி வந்து எடுத்துப்போகும். அன்று கம்பமும் இல்லை, வண்டியும் இல்லை.

"எங்கப்பா எனக்குச் சொன்னது. கோபுரத்துலேருந்து காத்தாலைக்கு நேரா ஒரு கோடு. அது நம்ம வாய்க்காலைத் தாண்டுற எடம். அங்க மட்டும் கை வைக்காதீங்க."

அதற்குமேல் அவர் பேசவில்லை. மறுநாள் விடியும்போது மூச்சு நின்றது.

ராணுவத்துக்குச் சொல்லிவிடலாம் என்றாள் கோதெலீவ். வான்னஸ் கேட்கவில்லை. அவர்கள் வந்தால் வேலி போட்டுவிட்டு அடுத்த வருஷம்வரை வயலை விடமாட்டார்கள், இடம்தான் தெரிந்துவிட்டதே என்றான். மாதாகோவில் கோபுரத்தையும் காற்றாலையையும் வைத்துக் கோடு பார்த்து, வாய்க்கால் கரையில் சிவப்புக் குச்சி நட்டான். அதிலிருந்து அறுபது தப்படி தள்ளிக் குழிக்கு அடையாளம் போட்டான். அவளும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் இப்போது யாரும் இல்லை. கல்லறைகள் எல்லாம் நடுவில் இருந்த ஒரு வெற்றுப் புல்தரையைப் பார்த்து நின்றன. சின்ன வயதில் அவள் பந்து விளையாடிய புல்தரை. பழைய மாதாகோவில் நின்ற இடம். போரில் இடிந்ததைத் திரும்பக் கட்டும்போது தெருவின் மறுகோடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். செத்தவர்கள் மட்டும் இங்கேயே தங்கிவிட்டார்கள்.

அவள் புல்தரையைப் பார்த்தாள். அதற்கப்பால் மேட்டில் காற்றாலை, போருக்கு முன்பிருந்தே அதே இடத்தில் நிற்பது.

தாத்தா குட்டையை மூடிய வருஷத்தில் புதிய கோவிலுக்கு ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. அப்போது நின்றது இங்கிருந்த மொட்டைக் கோபுரம்தான்.

இங்கிருந்து காற்றாலைக்குப் போன கோடு சிவப்புக் குச்சியைத் தொடவில்லை. கீழ்வயலில் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்த மஞ்சள் இயந்திரத்தின் மேலேயே போனது.

கைப்பேசியில் அழைத்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. அந்த இரைச்சலில் அவனுக்கு எப்படிக் கேட்கும்? வேலியைத் தாண்டிக் கிழங்கு வயலுக்குள் இறங்கினாள். களிமண் ஒரு செருப்பை வாங்கிக்கொண்டது. திரும்பி எடுக்கவில்லை.

வாய்க்காலை நெருங்கும்போது இயந்திரத்தின் கை அந்தரத்தில் நின்றது. இரைச்சலும் நின்றது.

வான்னஸ் கறுப்பு டையோடு இருக்கையில் உட்கார்ந்திருந்தான். அவள் பக்கம் திரும்பாமல் உள்ளங்கையை மட்டும் காட்டினான்.

"அங்கயே நில்லுக்கா."

நின்றாள். வெட்டுப்பட்ட களிமண் சுவரில் துருவேறிய வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. தூக்கிய மண்வாளியின் சேற்றிலும் மூன்று குண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன.

புழுவுக்காக இயந்திரத்தைச் சுற்றிக்கொண்டிருந்த கடற்காகங்களில் ஒன்று வாளியின் விளிம்பில் வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு சேற்றைக் கொத்தத் தொடங்கியது.