தொண்ணூற்றேழு மார்க் மரம்

அந்த எட்டு மாடிக் கட்டடத்தின் முகப்புச் சுவரில் செடி வளர்த்தார்கள். ஏன், தரையில் இடமில்லையா என்று கேட்காதீர்கள். தரையில் வளர்த்தால் எவன் விருது கொடுப்பான்? சுவர் முழுக்கத் தொட்டிகள், எதிரே கம்பத்தில் ஒரு கேமரா. தினமும் காலை ஒன்பது மணிக்கு அது இலை இலையாகப் படம் பிடித்து, தன் செயற்கை அறிவால் யோசித்து, நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடும். மேனேஜர் அதை டேப்லெட்டில் பார்த்த பிறகுதான் காபியே குடிப்பார்.

சுவருக்குத் தண்ணீர் போகும் குழாய்களைக் கவனித்தது அந்தக் கட்டடத்துப் பிளம்பர். இருபது வருஷமாகக் கக்கூஸ் அடைப்பு எடுத்த மனுஷனுக்குத் திடீரென்று ‘பசுமைத் தொழில்நுட்பர்’ என்று சட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். எடுத்த அடைப்பு என்னவோ அதே அடைப்புதான்.

கோடையில் மோட்டார் நான்கு நாள் மக்கர் செய்ததில் செடிகள் மொத்தமும் கருகிப்போயின. மேனேஜர் ஒரு வண்டி நிறையப் பிளாஸ்டிக் செடி கொண்டுவந்து இறக்கி, “யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது” என்றார். பிளம்பர் இரண்டு நாள் கயிற்றில் தொங்கி அவற்றை மாட்டினார். மூன்றாம் நாள் கேமரா போட்ட மார்க் தொண்ணூற்றெட்டு. உயிருள்ள செடிக்கு அந்தச் சனியன் அறுபதைத் தாண்டியதே இல்லை.

மேனேஜர் வெட்கப்பட்டார் என்றா நினைக்கிறீர்கள்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு விருதுக்கு விண்ணப்பம் போட்டார்.

அப்போதுதான் வாசல் நடைபாதையில் நின்ற மரத்துக்குக் கேடு வந்தது. யாரும் நடாமல் தானாக முளைத்த மரம் அது. பிளம்பரின் மனைவி பதினொரு வருஷமாக அதன் நிழலில்தான் தையல் மெஷின் போட்டிருந்தாள். கண்ணாடிக் கட்டடங்கள் நிறைந்த அந்தத் தெருவில் வேறு நிழலே கிடையாது. கேமராவின் பார்வையில் மரமும் விழ, அதற்கு முப்பத்தொரு மார்க். பழுப்பு இலை, பூச்சி கடித்த ஓட்டை, கீழே குப்பை என்று குற்றப்பட்டியல் வேறு.

“மொத்த சராசரியும் போச்சு. புதன்கிழமை விருதுக் குழு வருது. திங்கக்கிழமை பத்து மணிக்கு வெட்ட ஆள் சொல்லிட்டேன்” என்றார் மேனேஜர்.

“சார், மரம்னா இலை உதிரத்தானே செய்யும்?”

“சுவத்துல இருக்கிறது உதிருதா?”

“அது பிளாஸ்டிக் சார்.”

“அதைத்தான்யா சொல்றேன். அதுக்கு இருக்கிற ஒழுங்கு இதுக்கு இருக்கா?”

பிளம்பர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

“சரி சாருன்னு தலையாட்டிட்டு வந்துட்டீங்களாக்கும்? நான் எங்க உட்கார்றது, அந்தாளு தலை மேலயா?” என்று அவள் பொரிந்து தள்ளினாள். பிறகு கேட்டாள்: “அந்தக் கேமராவுக்கு என்னதான் வேணுமாம்?”

“பச்சையா இருக்கணும். வாடக் கூடாது, உதிரக் கூடாது.”

“செத்துக் கிடக்கணும்னு சொல்லுங்க. மிச்சப் பிளாஸ்டிக் எங்க இருக்கு?”

மோட்டார் ரூமில் மூன்று மூட்டை கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் பிளாஸ்டிக் இலைகளை மெஷினில் நீள நீளமாகத் தைத்துத் தர, அவர் ஏணி போட்டு, கேமரா பார்க்கும் பக்கமாக மரத்தில் சுற்றினார்.

திங்கட்கிழமை மார்க் தொண்ணூற்றேழு. மேனேஜர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். புரியாமல் இல்லை. “இப்பதான்யா மரம் மாதிரி இருக்கு” என்று வெட்ட வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்.

புதன்கிழமை விருதுக் குழுவின் தலைவியம்மா ஒரு பிளாஸ்டிக் இலையைத் தடவி, “இயற்கைன்னா இதுதான்” என்று உருகினார். அந்த நேரம் பார்த்து ஒரு நிஜமான பழுப்பு இலை அவர் தோளில் விழுந்தது. “சீ, இது எங்கேருந்து வந்துச்சு?” என்று தட்டிவிட்டார்.

“பக்கத்துத் தெருவுலேருந்து காத்துல வந்திருக்கும் மேடம்” என்றார் மேனேஜர், கொஞ்சமும் கூசாமல்.

விருது கிடைத்தது. அதன் பலகையை மரத்திலேயே நான்கு ஆணி அடித்து மாட்டினார்கள். அன்றிலிருந்து பிளம்பரின் மனைவி ஒன்பது மணிக்குள் கீழே விழுந்த இலைகளையெல்லாம் கூட்டி, துணி மூட்டைக்குப் பின்னால் மறைத்துவிடுவாள்.

மழைக்காலம் வந்தது. பிளாஸ்டிக்கை விலக்கிக்கொண்டு கிளையெல்லாம் இளஞ்சிவப்பாகத் துளிர் விட்டது. கேமரா அதை நோய் என்று எழுதி, மார்க்கை எழுபதுக்கு இறக்கியது. மேனேஜர் அலறிக்கொண்டு ஓடி வந்தார்.

“என்னமோ சிவப்பா வருதுய்யா! எல்லாத்தையும் கிள்ளிப் போடு, இல்லேன்னா நாளைக்கே வெட்டிடுவேன்.”

பிளம்பர் ஏணியில் ஏறினார். முதல் துளிரில் கை வைத்தவர் அதைக் கிள்ளவில்லை. கீழே பார்த்தார். மனைவி மெஷினை மிதிப்பதை நிறுத்தியிருந்தாள்.

“கேமரா பக்கம் மட்டும் கிள்ளுங்க” என்றாள். “இந்தப் பக்கம் அது பாட்டுக்கு வளரட்டும். இவனுங்க ஒருத்தனும் மரத்தைச் சுத்தி வந்து பாக்கப் போறதில்ல.”