கிரகணம் காணாத எலிகள்

மகள் பிறந்த மூன்றாம் நாள் என் மனைவி தமிழ்மதி காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளையை வளர்க்க என் அக்கா ஜக்கம்மாள் எரியோட்டிலிருந்து எங்கள் அகரத்துக்கே வந்துவிட்டாள்.

பிள்ளையின் நெற்றி பலகைபோல் தட்டையாக இருந்தது. மண்டையோட்டு எலும்புகள் சேருமிடத்தைத் தையல் என்பார்களாம். முன்பக்கத் தையல் இப்போதே ஒட்டிக்கொண்டது, மூளை வளர இடமில்லை, சீக்கிரம் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார் மதுரை டாக்டர். மரபணுச் சோதனைக்கு என் ரத்தத்தையும் சேர்த்து எடுத்தார்.

அக்கா பிள்ளையைக் கொடுக்க மறுத்தாள்.

"கிரகணத்தன்னிக்கு வயித்தத் தள்ளிக்கிட்டுச் செண்டுமல்லித் தோட்டத்துல போயி நின்னா. சொன்னாக் கேட்டாளா? அந்தக் குறைக்குக் கத்தி என்ன செய்யும்? சாமிக்கு நேந்திருக்கேன், சரியாப் போகும்."

செத்தவள் வந்து பதில் சொல்லவா முடியும்?

பெங்களூரில் ஆராய்ச்சி செய்யும் என் கல்லூரித் தோழன் கஸ்பார், லீவுக்கு ஊர் வந்தபோது பிள்ளையைப் பார்க்க வந்தான். பார்த்ததும் என் கையைப் பிடித்தான்.

"மாப்ள, இந்தத் தலைய நான் தெனம் பாக்குறேன்டா. எலிக்கு!"

போனில் படம் காட்டினான். ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றைக் கெடுத்தால், எலிக்குட்டிக்கும் இதே தையல் முன்கூட்டியே மூடிவிடுமாம்.

"எலியும் எம்பிள்ளையும் ஒண்ணாலே?" அக்கா சீறினாள். "அது எந்தக் கிரகணத்தப் பாத்துச்சோ!"

"எங்க எலி ரூம்ல சன்னலே கெடையாதுக்கா. சூரியன்னா என்னன்னே அதுகளுக்குத் தெரியாது. லைட்டப் போட்டாப் பகல், அணைச்சா ராத்திரி."

ஆனாலும் அக்கா விடவில்லை. "அப்ப அவ வீட்டு ரத்தத்துல இருந்திருக்கு."

"எந்த வீடுன்னு ரிசல்ட்டு சொல்லும்" என்றான் கஸ்பார்.

திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் எங்கள் தோட்டத்துப் பூவோடு நிற்கும்போது டாக்டரின் போன் வந்தது. கஸ்பார் சொன்ன அதே மரபணுதான். அதே மாற்றம் என்னிடமும் இருக்கிறதாம். சிலருக்கு லேசாக, கண் இமை சரிவதோடு நின்றுவிடுமாம். இமை சரிந்திருப்பது எங்கள் வீட்டு முகம். அப்பாவுக்கு இருந்தது, அக்காவுக்கும் எனக்கும் இருக்கிறது.

நான் குதித்தேன். நிஜமாகவே குதித்தேன்.

"லாட்டரி விழுந்துருச்சாக்கும்?" என்றார் கடைக்கார மலைச்சாமி.

"கோளாறு எங்கிட்ட இருந்துதாண்ணே வந்திருக்கு!"

"கோளாறுக்கா இந்தக் குதி? கிறுக்குப் பிடிச்சிருச்சாலே?"

பூவை அவரிடமே போட்டுவிட்டு ஓடினேன். வீட்டு வாசலிலிருந்தே கத்தினேன்: "அக்கா! அவ இல்லக்கா! நான்! நம்ம வீடு!"

மூச்சு வாங்க எல்லாம் சொன்னேன். அக்கா தன் இமையைத் தடவிப் பார்த்தாள்.

"தமிழ்மதிப் புள்ளய என்னென்ன பேசிப்புட்டேன்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பிள்ளையை என் கையில் கொடுத்தாள்.

"செத்த நேரம் பிடி. சேலைய மாத்திக்கிட்டு வாரேன். வெரசா ஆப்பரேசனச் செய்யச் சொல்லி டாக்டர்ட்ட நாந்தான் சொல்லணும்."