மெக்கானிக்கின் நான்கு நிமிடம்

கூயா தியோவை நாங்கள் நடிக்கக் கூப்பிடவில்லை. விண்கலத்தின் உள்பக்கத்தைச் செய்து தரத்தான் கூப்பிட்டோம். எங்கள் மரிகினாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர், எங்கள் எல்லோரையும்விட இருபது வயது மூத்தவர், அதனால் எங்களுக்கு அவர் கூயா, அண்ணன். பழைய ஏசிக் கூடுகளும் சலவை இயந்திர மூடிகளும் அவர் வீட்டுப் பின்புறம் குவிந்து கிடக்கும். படத்தை இயக்கும் கிறிசாந்தோ போய், "ஹாலியன் தொடரை வச்சு ரசிகர்கள் நாங்களே ஒரு குறும்படம் எடுக்கறோம்" என்று சொல்லி முடிப்பதற்குள், "எந்தக் கப்பல்? ஏழாவதா, ஒன்பதாவதா?" என்று கேட்டாராம். அமெரிக்கத் தொடர் அது. சனிக்கிழமை மத்தியானங்களில் எங்கள் தகாலோக் மொழிக் குரலில் டிவியில் ஓடிய காலத்திலிருந்து அவர் ஒரு பாகத்தையும் விட்டதில்லை.

மூன்று மாதத்தில், மூடிக்கிடந்த ஒரு செருப்புப் பட்டறைக்குள் ஒன்பதாவது கப்பலின் எஞ்சின் அறையை எழுப்பிவிட்டார். படப்பிடிப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது, மெக்கானிக் வேடத்துக்கு வைத்திருந்த ஆள் கத்தாரில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.

"நீங்களே செஞ்சிடுங்க கூயா. நடிக்கவே வேணாம், சும்மா நில்லுங்க" என்றான் கிறிசாந்தோ.

"சும்மா நிக்கறதுதான்டா கஷ்டம். நடிக்கறதுன்னா பரவால்ல."

என் பெயர் ரெனாந்தே. கல்யாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. இந்தப் படத்துக்குத் தொகுப்பும் ஒலிப்பதிவும் நான்தான். அதனால் அந்தக் காட்சியை எடுத்த அன்றைக்கு ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு நானும் பட்டறைக்குள் இருந்தேன்.

காட்சி இதுதான்: எஞ்சின் அறையில் தீ. கதவு வெளியிலிருந்து மூடிவிட்டது. காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது. மெக்கானிக் வேறொரு கிரகத்தில் இருக்கும் தன் மனைவிக்குக் கடைசியாக ஒரு செய்தி பதிவு செய்கிறான். கிறிசாந்தோ எழுதியிருந்தது ஆறு வரி. கூயா தியோ அந்த ஆறு வரியைச் சொல்லவேயில்லை. தரையில் உட்கார்ந்தார், முகத்தைத் துடைத்துக்கொண்டார், பேச ஆரம்பித்தார். நான்கு நிமிடம். கிறிசாந்தோ நிறுத்தச் சொல்ல மறந்துபோய் வாயில் கை வைத்தபடி நின்றிருந்தான்.

முடிந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு என்னிடம் வந்தார். "ரெனான், இது நெனித்தாவுக்கு. இருபத்தாறு வருஷமா வீட்டுல சொல்லாதது. பெரிய திரையில பார்த்துத் தெரிஞ்சுக்கட்டும். நீ முன்னாடியே உளறி வைக்காத."

ஏழு வாரம் கழித்து, மே மாத வெயிலில் ஒரு மாடியில் ஏசியைத் தூக்கிப் பொருத்தும்போது அப்படியே சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

சவப்பெட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி நெனித்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவரை நாங்கள் ஆத்தே, அக்கா, என்போம். "படத்துல எனக்கு ஏதோ இருக்குன்னு சொல்லிட்டே இருந்தாரு. போன்ல பார்க்காத, பெரிய திரையிலதான் பார்க்கணும்னாரு. என்னடா இருக்கு அதுல?"

"நீங்களே பாருங்க ஆத்தே" என்றேன்.

ஜூனில் படம் தயாரானது. இருபத்து நான்கு நிமிடம். முன்னோட்டத்தை மட்டும் இணையத்தில் போட்டோம். மூன்றாம் நாள் தொடரின் உரிமையாளர்களிடமிருந்து கடிதம் வந்தது. மரியாதையான கடிதம்தான். ரசிகர்கள் எடுக்கும் படம் பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. மீறினால் வெளியிட அனுமதி இல்லை, ரசிகர் மாநாட்டிலும் காட்ட முடியாது.

"ஒன்பது நிமிஷத்தை எங்கேர்ந்துடா எடுக்கறது?" என்றான் கிறிசாந்தோ.

இருவரும் நான்கு நாள் உட்கார்ந்து பார்த்தோம். கப்பல் தலைவி வரும் காட்சிகளைத் தொட்டால் கதையே இல்லை. சண்டையை எடுத்தால் ரசிகர்கள் கல்லெறிவார்கள். மெக்கானிக்கின் கிளைக்கதையை எடுத்தால் மட்டும் எல்லாம் அளவாகப் பொருந்தியது.

"கூயா தியோவையா?" என்றேன்.

"எனக்கு மட்டும் ஆசையா? ஆத்தேக்கு முழுசா ஒரு பிரதி தனியாப் போட்டுக் குடுத்துடலாம். ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்துக் காட்டுவோம். சத்தியமா."

அந்தச் சத்தியத்தை நம்பி வெட்டினேன். என் கைதான் வெட்டியது. கணினியில் இடம் போதாமல், முழுப் படத்தையும் மூலக் காட்சிகளையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளுக்கு மாற்றி மேசை இழுப்பறையில் வைத்தேன்.

ஜூலைக் கடைசியில் ஆறு பெருகியது. மரிகினாக்காரனுக்கு வெள்ளம் புதிதல்ல. எந்தச் சைரனுக்கு எதைத் தூக்கவேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். காலை பத்து மணிக்கு இரண்டாவது சைரன் ஊதியதும் அரிசியை, கணினியை, அம்மாவின் மருந்துகளை மாடிக்கு ஏற்றினேன். மறுபடி இறங்கியபோது தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது. இழுப்பறையின் நினைவு வந்ததே மறுநாள்தான். டிஸ்க்குகளைச் சரிசெய்பவரிடம் கொண்டுபோனேன். அவர் திறந்து, உள்ளே அப்பியிருந்த சேற்றைக் காட்டினார். "இதுல ஒண்ணும் மிச்சம் இல்ல தம்பி."

வேறு யாரிடமும் பிரதி இல்லை. எல்லாம் என்னிடம் பத்திரமாக இருப்பதாக அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆத்தேயிடம் சொல்ல இரண்டு முறை போனேன். முதல் முறை அவர் வீட்டுச் சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு மண்வெட்டியை எடுத்து வழித்துவிட்டு வந்தேன். இரண்டாம் முறை சோறும் மீனும் போட்டார். மாநாட்டுக்கு எந்தச் சட்டை போடலாம் என்று இரண்டைத் தூக்கிக் காட்டினார். நீலத்தைச் சொன்னேன். கிறிசாந்தோ தான் சொல்லிவிடுவதாகச் சொன்னான். அவனும் சொல்லவில்லை.

செப்டம்பரில், பாசாயில் ஒரு வணிக வளாகத்தின் மேல்மாடி அரங்கில் மாநாடு. வெள்ளிக் கையுறையும் ரப்பர் காதுமாக முந்நூறு பேர். நடுவில் நீலச் சட்டையில், மடியில் புத்தோ டப்பாவுடன் ஆத்தே நெனித்தா. எங்கள் எல்லோருக்கும் அந்த அரிசிப் பலகாரத்தை அவித்துக் கொண்டுவந்திருந்தார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மூன்றாம் நிமிடத்தில் ஒரு கை குழாயைத் திருகியது.

"அவரு கை" என்று என் முழங்கையைப் பிடித்தார். "பார்த்தியா, அந்த விரல்ல வெட்டு."

ஆறாம் நிமிடத்தில் அவர் முதுகு ஒரு கதவைத் தாண்டிப் போனது. ஆத்தே முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அதன் பிறகு தலைவி, சண்டை, வெடிப்பு. கூட்டம் கத்தியது. பெயர்கள் ஓடின. கடைசியில் 'தியோபிலோவின் நினைவாக' என்று வந்தது. விளக்குகளைப் போட்டார்கள், எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். ஆத்தே மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு பாகம் இருக்கா?"

"இல்ல ஆத்தே."

வெளியே நகரும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம், நாங்கள் வெட்டியது, வெள்ளம். கடைசியில், "சரி, நீ கேட்டிருக்க இல்ல? சொல்லு. என்ன சொன்னாரு?" என்றார்.

அந்த நான்கு நிமிடத்தை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். இரைச்சலை எடுத்திருக்கிறேன், மூச்சுச் சத்தத்தைக் குறைத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.

"நான் வீட்டுக்கு வந்தா பேசமாட்டேன். நீ எது கேட்டாலும் 'ம்'னு மட்டும் சொல்லுவேன். நாள் முழுக்கக் காதுல எஞ்சின் சத்தம். வீட்டுக்கு வந்தா உன் குரல் மட்டும் கேக்கணும்னு இருக்கும். நான் பேசினா நீ நிறுத்திடுவியோன்னு பயம். நீ என்னடான்னா எனக்குக் கோபம்னு நினைச்சுக்கிட்ட. நானும் அப்படியே விட்டுட்டேன்... இப்படிச் சொன்னாரு ஆத்தே. இன்னும் இருக்கு."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கவில்லை.

"நல்லாப் பேசற ரெனான்" என்றார். "ஆனா இது அவரு பேச்சு இல்ல."

"அவரேதான் சொன்னாரு!"

"இருபத்தாறு வருஷம் கூட இருந்தவ நான். 'சாப்பாடு', 'சட்டை', 'போயிட்டு வரேன்'. அவ்வளவுதான் அவரு. என்னைத் தேத்தணும்னு நீயா கட்டிச் சொல்ற. பாவம், உனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும்."

நிரூபிக்க ஏதாவது கிடைக்குமா என்று மனசுக்குள் துழாவினேன். ஓர் ஊர், ஒரு தேதி, இவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஏதாவது. எதுவும் இல்லை. மனைவியைக்கூட, கதையில் வரும் மனைவியின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டிருந்தார்.

"கிறிசாந்தோவைக் கேளுங்க ஆத்தே. அவனும் இருந்தான்."

"அவனையும் சொல்ல வச்சிருப்ப." புத்தோ டப்பாவை என் மடியில் வைத்தார். "ஆறிடுச்சு. பசங்களுக்குக் குடு."

நகரும் படிக்கட்டில் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். அரங்கத்திலிருந்து என் பெயரைச் சொல்லி மேடைக்குக் கூப்பிடும் குரல் கேட்டது. நான் போகவில்லை.

அதன் பிறகு இரண்டு முறை அவர் வீட்டுக்குப் போனேன். மரியாதையாக உட்காரச் சொன்னார், வெள்ளம் பற்றியும் மழை பற்றியும் பேசினார். படத்தைப் பற்றி நான் பேச்செடுத்தால், "விடு" என்பார். ஜனவரியில் வீட்டைக் காலி செய்து லெய்த்தே தீவில் தங்கையிடம் போய்விட்டார். போகிறபோது சொல்லவில்லை.

கிறிசாந்தோ இப்போது அடுத்த படத்துக்கு ஆள் சேர்க்கிறான். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

கூயா தியோ பேசியதை மறப்பதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்று நாலைந்து தடவை உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வருகிறது. போன வாரம் எழுதியதில், நான் சேர்த்த வார்த்தை எது, அவர் சொன்னது எது என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. கிறிசாந்தோவைக் கேட்டேன். அவன், "பெண்டாட்டி குரல் பத்தி ஏதோ சொன்னாரு இல்ல? இல்ல, அது நீ சொன்னதாடா?" என்றான்.