வெயில் வாரத்தில் ஒரு தையல் மெஷின்

தெருவில் அவளுக்கு மழையக்கா என்று பேர். வானிலை அலுவலகத்தில் வேலை பார்ப்பதால் ஒட்டிக்கொண்ட பேர் அது. மழை வந்தால் "நல்லா அனுப்பினீங்கக்கா" என்பார்கள். வராவிட்டால், அவள்தான் எங்கோ பூட்டி வைத்துவிட்டாள் என்பது போல முறைப்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே போய்விடுவாள். காற்றும் மேகமும் ஆண்டவன் கையில் இருப்பவை, எட்டிப் பார்த்துச் சொல்வது மட்டுமே தன் வேலை என்று அவளுக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியும் நேரத்தில், இரவு வேலையை முடிக்கும்முன், வரும் வாரத்துக்கான அறிக்கையை எழுதினாள். மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும். கடல்காற்று பொழுது சாய்ந்த பிறகே உள்ளே வரும். வெள்ளிக்கிழமை வரை வெப்பம் இயல்பைவிட நாலைந்து டிகிரி கூடுதலாக இருக்கும், அதன்பின் தணியலாம். தகரக் கூரையின் கீழ் இருப்பவர்கள், முக்கியமாகக் கர்ப்பிணிகள், பகலில் குளிர்ந்த இடத்துக்குப் போய்விடுவது நல்லது. கடைசி வரி ஒவ்வொரு கோடையிலும் எழுதுகிற வரி. மனம் வேறெங்கோ இருக்க, கை பாட்டுக்கு எழுதியது.

வீட்டுக்கு வந்ததும் காய்ந்த துணியை எடுக்க மொட்டைமாடிக்கு ஏறினாள். காலையிலேயே தரை சுட்டது. மூலையில் இருந்த தகரக் கொட்டகைக்குள்ளிருந்து தையல் மெஷின் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். மாடிவீட்டுத் தையல்காரி தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எட்டாம் மாதம். புருஷன் கப்பலில் சமையல் வேலை, திரும்பி வர நாளாகும்.

"இங்கயா தைக்கிறே?"

"வேற எங்க தைக்கிறது? கீழே ஆபீசரம்மா தூங்குவாங்களே." மெஷின் நிற்கவில்லை.

மழையக்காவுக்குச் சுருக்கென்றது. சில மாதங்களுக்கு முன்னால், ராத்திரி வேலை பார்த்துவிட்டுப் பகலில் கண் அசர முடியவில்லையே என்ற எரிச்சலில், மாடியேறி வந்து "இது வீடா, ஃபேக்டரியா?" என்று கத்தியது அவள்தான். மறுநாளிலிருந்து சத்தம் இல்லை. ஒரு அதட்டலில் அடக்கிவிட்டதாகப் புருஷனிடம் பெருமைகூட அடித்துக்கொண்டாள். சத்தம் எங்கே குடிபோனது என்று இப்போதுதான் தெரிந்தது.

"உள்ளே அனலா அடிக்குதே. மத்தியானத்துலயாவது குளிர்ச்சியான இடமாப் பார்த்துப் போயிடும்மா."

"எங்கே?" என்று கேட்டாள் தையல்காரி. அதில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள்.

மழையக்கா துணியை அள்ளிக்கொண்டு இறங்கி வந்தாள். மொட்டைமாடிக்கு நேர் கீழே இருந்த தையல்காரியின் வீடும் பகலில் கொதிக்கும். அந்தக் கட்டடத்தில் குளிர்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. தரைத்தளத்தில், தடித்த சுவரும் ஜன்னலோரம் மரநிழலும் உள்ள அவளுடைய படுக்கையறை. வாரம் முழுக்க அவளுக்கு ராத்திரி வேலை. அறையைக் கொடுத்தால் தூக்கத்தையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். படுத்துப் பார்த்தாள், தூக்கம் வரவில்லை. 'ஆண்டவனே, வழி காட்டு' என்று கேட்க ஆரம்பித்தாள். வழி தெரிந்த பிறகும் கேட்டுக்கொண்டிருப்பது வெறும் சாக்கு என்று அவளுக்கே பட்டது. ஜெபத்தைப் பாதியில் விட்டு எழுந்தாள்.

வாசலில் அவள் புருஷன், பஸ் டிப்போ மெக்கானிக், பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு கை பிடிங்க. தையல் மெஷினைக் கீழே கொண்டு வரணும்."

"எதை? நீ அடக்கி வச்சியே, அந்த மெஷினையா?"

"அதேதான். கேலியை அப்புறம் பண்ணுங்க, முதல்ல சட்டையைப் போடுங்க."

மேலே போய்க் கூப்பிட்டபோது தையல்காரி லேசில் மசியவில்லை. "வேண்டாங்க. அப்புறம் தூக்கம் கெட்டுச்சுன்னு இன்னொரு நாள் சண்டைக்கு வருவீங்க."

"அன்னிக்கு நான் பேசினது தப்பும்மா. உன்னை இந்தத் தகரத்துக்குக் கீழே தள்ளினதே நான்தான். என் மனசு ஆறட்டும்னாவது வா."

தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள். கை வயிற்றின்மேல் இருந்தது. "விடிஞ்சதிலிருந்து புள்ளை அசையவே இல்லக்கா," என்றாள் மெதுவாக. "யார்கிட்ட சொல்றதுன்னு தெரியலை."

அதற்குப் பிறகு மெஷினை யார் நினைத்தார்கள். மழையக்கா அவளைத் தாங்கிப் பிடித்து இறக்கி, தன் கட்டிலில் இடப்பக்கமாகப் படுக்க வைத்தாள். தண்ணீர் குடிக்க வைத்து, கைகால்களை ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். மெக்கானிக், ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ பிடிக்க ஓடினார். ஆட்டோ வாசலுக்கு வரவும், கட்டிலில் கிடந்தவள் மழையக்காவின் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைக்கவும் சரியாக இருந்தது. உள்ளே ஒரு உதை. சற்றுப் பொறுத்து இன்னொன்று. இரண்டு பேருக்கும் கண் நிறைந்துவிட்டது.

ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை, தாய்க்குத்தான் உடம்பில் தண்ணீர் வற்றிப்போயிருந்தது. "இவங்களை இனிமே வெக்கையில விடாதீங்க," என்றாள் நர்ஸ், மழையக்காவைத் தாய் வீட்டு மனுஷி என்று நினைத்துக்கொண்டு. மழையக்காவும் திருத்தவில்லை.

அந்த வாரம் வெயில் சொன்னபடியே கொளுத்தியது. படுக்கையறை மூலையில் மெஷின் ஓடியது. முதல் நாள் மழையக்கா புரண்டு புரண்டு படுத்தாள். அடுத்த நாள் அசதியில் கொஞ்சம் தூங்கினாள். பிறகு மெஷினே நின்றாலும் எழுந்திருக்காத தூக்கம். "குறட்டைக்கும் மெஷினுக்கும் பந்தயம். குறட்டைதான் ஜெயிக்குது," என்றார் மெக்கானிக். கொடுத்த கை வெறுங்கையாக நிற்பதை ஆண்டவன் அதிகம் விரும்புவதில்லை.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது கடல்காற்று திரைச்சீலையைத் தூக்கிப் பார்த்தது. தையல்காரி துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

"இனிமே தணியும்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க. அண்ணன்கிட்ட சொல்லி மெஷினை மேலே ஏத்திடட்டுமாக்கா?"

"வெயில் தணிஞ்சா தணியட்டும், மெஷின் இங்கேயே கிடக்கட்டும். அந்தச் சத்தம் இல்லேன்னா இப்பல்லாம் எனக்குத் தூக்கமே வர்றதில்லை."

"பொய் சொல்லாதீங்கக்கா."

"கொஞ்சம் பொய்தான்," என்றாள் மழையக்கா, வேலைக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டே. "அந்த ஜன்னலை நல்லாத் திறந்து விடு. காத்து புள்ளை மேலயும் படட்டும்."